ரைஃபிள் பிரேக் விற்பவனின் வலது காது

சுட்டவனுக்கு வலிக்காது, சுடப்பட்ட அட்டைக்கு வலி தெரியாது, பக்கத்தில் சும்மா நின்றவனுக்குத்தான் வலிக்கும். அது என்ன?

சிறுவர் பக்கத்துக்குப் பல வருடம் விடுகதை எழுதியவன் நான். விடையைப் பக்கத்தின் அடியில் தலைகீழாக அச்சிடுவார்கள். பெரியவர்களுக்கு அவ்வளவு பொறுமை இருக்காது என்பதால் நேராகவே சொல்லிவிடுகிறேன். ரைஃபிளின் வாயில் திருகி மாட்டும் பிரேக்.

கவுண்டருக்குப் பின்னால் நின்று எதையாவது விற்றுப் பிழைக்கிறவர்களுக்கு எங்கள் தொழில் அந்நியமாக இருக்காது. நீங்கள் செருப்பு விற்கலாம், செல்போன் கவர் விற்கலாம். நான் விற்பது விரல் நீளத்துக்கு ஓர் இரும்புக் குழாய். அதன் பக்கவாட்டில் துளைகள் இருக்கும். குண்டு வெளியே போகும்போது அதன் பின்னால் வரும் சூடான காற்றை இந்தத் துளைகள் பக்கவாட்டில் திருப்பிவிடும். அதனால் துப்பாக்கி தோளை உதைப்பது குறையும். உதை குறைந்தால், தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளில் குறி கலையாமல் அடுத்தடுத்துச் சுடலாம். திருப்பிவிட்ட காற்றும் சத்தமும் எங்கே போகும் என்று கேட்டால், பக்கத்தில் நிற்கிறவரிடம் போகும்.

பக்கத்தில் நிற்கிறவன் நான்தான். ஷார்ஜாவைத் தாண்டிப் பாலைவனத்துக்குள் இருக்கும் ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் எங்கள் கடை. லைசென்ஸ் வைத்திருக்கும் உறுப்பினர்கள், போட்டிக்குப் போகிறவர்கள் வருவார்கள். பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். வலது காது மூன்று வருடமாகச் சரியில்லை. கிளப்பில் வருடம் ஒருமுறை ஊழியர்களின் காதைச் சோதிப்பார்கள்; போன வருடம் வரை தட்டுத்தடுமாறித் தேறிவிட்டேன். தேறாதவரைச் சுடும் இடத்துக்குள் விடமாட்டார்கள். துபாய் அல் கூஸில் உள்ள கம்பெனி கிடங்குக்கு மாற்றிவிடுவார்கள். கிடங்குக்காரர்களுக்கு ரூமில் ஒரு கட்டில்தான், குடும்பம் வைத்துக்கொள்ள முடியாது. எனக்கோ ஷார்ஜாவில் மனைவியும், ஆறாம் வகுப்பு படிக்கும் மகளும் இருக்கிறார்கள்.

இருப்பதிலேயே பெரியது

பிரேக் வாங்க வருகிறவரிடம் நான் மூன்று கேள்விகள் கேட்பேன். என்ன தோட்டா? எந்த இடத்தில் சுடுவீர்கள்? உங்கள் பக்கத்தில் யார் இருப்பார்கள்? முதல் இரண்டுக்கும் பதில் வரும். மூன்றாவது கேள்வியை, ஊரில் எல்லோரும் சௌக்கியமா என்பதைப் போன்ற விசாரிப்பு என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

ஓர் இளைஞர் வந்தார். கஞ்சி மொடமொடக்கும் வெள்ளைக் கந்தூரா அங்கி, கையில் கார்ச் சாவி. கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தார், இருப்பதிலேயே பெரிய பிரேக்கின் மேல் விரலை வைத்தார். அவருடைய ரைஃபிள் சின்னத் தோட்டா சுடுவது, அதன் உதையே ஒரு செல்லத் தட்டுத்தான். இந்தப் பிரேக்கின் மேல்பக்கத்திலும் துளைகள் உண்டு. அவை துப்பாக்கியின் மூக்கைக் கீழே அழுத்தும். பெரிய தோட்டாவுக்கு அது தேவை, சின்னதற்கு அதிகம் என்று விளக்கினேன். நடுத்தரமான ஒன்றை எடுத்துக் காட்டினேன். அவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

மாட்டிக் கொடுத்தோம். ஐந்து முறை சுட்டார். ஒவ்வொரு முறையும் துப்பாக்கி தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் தலையைப் போலக் கீழே தொங்கியது. துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு, ஏமாற்றப்பட்டவரின் முகத்தோடு என்னைப் பார்த்தார்.

"முன்னாடி மேல போச்சு. இப்ப கீழ போகுது. நடுவுல நிக்கிற மாதிரி ஒண்ணுகூட உங்க கடையில இல்லையா?"

மேனேஜரின் பாடம்

சோதித்துப் பார்க்கும்போது நான் எப்போதும் சுடுகிறவரின் இடப்பக்கம் நிற்பேன். வலப்பக்கம் நின்றால் துப்பாக்கியிலிருந்து தெறிக்கும் சூடான வெற்றுத் தோட்டா சட்டைக் காலருக்குள் விழும். ஒருமுறை விழுந்து, நான் ஆடிய ஆட்டத்தை முருகேசன் இன்னும் எல்லோருக்கும் ஆடிக் காட்டுகிறான். முருகேசன் பெரம்பலூர்க்காரன், நான் விற்பதை மாட்டிக் கொடுப்பது அவன் வேலை. ஆக, இடப்பக்கம் நிற்கிறேன், இலக்கைப் பார்க்கிறேன். என் வலது காதுதான் பிரேக்குக்கு நேராக இருக்கிறது.

அதற்குத்தான் காதுக்கவசம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நல்ல கவசம். ஆனால் வாடிக்கையாளர் முதல் குண்டைச் சுட்டதும் அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தையை நாங்கள் கேட்டாக வேண்டும். சேர்ந்த புதிதில் மேனேஜர் சொல்லிக் கொடுத்த பாடம் அது. கவசத்தோடு கேட்டால் தொட்டிக்குள் பேசுவது போல இருக்கும்; என்னவென்று திரும்பக் கேட்டால் அவருடைய உற்சாகம் பாதி இறங்கிவிடும். அதனால் கவசத்தின் வலது பக்கக் கிண்ணத்தை இரண்டு விரல் அளவு தூக்குவோம். கையால் ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றும் துப்பாக்கி என்றால் தூக்கி, கேட்டு, மூட நேரம் இருக்கும். செமி ஆட்டோமேட்டிக்கில் விரலை இன்னொரு முறை அழுத்தினாலே அடுத்தது வெடிக்கும். "நல்லா இருக்கு" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் அழுத்திவிடுவார்கள். கிண்ணம் அப்போதும் என் விரலில்தான் இருக்கும்.

பாதுகாப்பு அதிகாரி பார்த்தால் திட்டுவார். மேனேஜர் பார்த்தால் மெச்சுவார். சிரியாக்காரர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நான் எப்போது தயங்கினாலும், நண்பா என்று அரபியில் அழைத்து, அதே பாடத்தை மறுபடி சொல்வார்.

"சதீக், முதல் வார்த்தை உண்மை. ரெண்டாவது வார்த்தையிலிருந்து அவங்க பேரம் பேசுறாங்க."

படுத்துச் சுட்டவர்

ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். கை குலுக்கும்போதே மரியாதை வந்துவிடும். துளைகள் சுற்றிலும் உள்ள பிரேக்கைக் கேட்டார். எங்கே சுடுவீர்கள் என்று கேட்டேன். வெளி மைதானத்தில், பாய் விரித்துப் படுத்து என்றார். அப்படியானால் அடிப்பக்கம் துளை இல்லாத பிரேக்தான் சரி, இல்லையென்றால் காற்று தரையில் மோதி மணலைக் கிளப்பும் என்றேன். நீ பிறப்பதற்கு முன்பே மணலில் படுத்துச் சுட்டவன் நான் என்று அவர் சொன்னார். கணக்குப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது, அதனால் அவர் கேட்டதையே எடுத்துக் கொடுத்தேன்.

மைதானத்தில் அவர் முதல் குண்டைச் சுட்டார். ஒரு மணல் மேகம் எழுந்தது. அவர், அவருடைய துப்பாக்கி, பாய், நான், என் பேன்ட் எல்லாம் ஒரே நிறமானோம். காற்றே இல்லாத நாள். மேகம் போக அவசரப்படவில்லை. கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அவருடைய முதல் வார்த்தைக்காகக் காத்திருந்தேன். மேகத்துக்குள்ளிருந்து நிதானமாக, தந்தி அடிப்பவர் போல, குரல் வந்தது.

"நான் எங்கே இருக்கேன்னு எல்லாருக்கும் தெரியும். இலக்கு எங்கே இருக்குன்னுதான் எனக்குத் தெரியலை."

உள்ளே போகாத தோட்டா

பிரேக்கைத் தேர்ந்தெடுப்பதில் மற்றதெல்லாம் ருசி சம்பந்தப்பட்டது. இரண்டு விஷயங்களில் மட்டும் ருசிக்கு இடமில்லை. திருகும் மரை பொருந்த வேண்டும். பிரேக்கின் நடுத்துளை குண்டைவிடச் சற்றுப் பெரியதாக இருக்க வேண்டும். துளை சிறியதாக இருந்தால் குண்டு பிரேக்கில் மோதும். அதற்கப்புறம் நடப்பதைச் சிறுவர் பக்கத்துக்காரன் விவரிக்க மாட்டான்.

ஒருவர் இணையத்தில் வாங்கிய பிரேக்கைக் கொண்டுவந்தார். விலை குறைவு, நிறம் பொன். முருகேசன் வாங்கிப் பார்த்தான். மரை பொருந்துவது போலத்தான் இருந்தது. ஆனால் அவன் எதையும் நம்பாதவன். அவருடைய தோட்டா ஒன்றை எடுத்து, குண்டின் முனையைப் பிரேக்கின் துளையில் வைத்துக் காட்டினான். முனை நுழைந்தது, கொஞ்சத்திலேயே நின்றுவிட்டது. "இது சின்ன சைஸுக்குச் செஞ்சது சார். மாட்ட மாட்டேன்," என்றான். அவர் பிரேக்கை வாங்கி, தானே அழுத்திப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு எங்கள் இருவருக்கும் பொதுவாக, மிகவும் நியாயமான குரலில் கேட்டார்.

"நாலஞ்சு தடவை சுட்டா அதுவே பெரிசாகிடாதா?"

அண்ணனும் தம்பியும்

இருவரும் வாரந்தோறும் அடுத்தடுத்த தடங்களில் நின்று சுடுகிறவர்கள். போட்டி மனப்பான்மை உண்டு, பாசமும் உண்டு. அண்ணன் எங்களிடம் இருப்பதிலேயே வேகமாகக் காற்றைப் பக்கவாட்டில் தள்ளும் பிரேக்கை வாங்கினார். தோளுக்கு இதைவிடச் சுகம் கிடையாது. பக்கத்துத் தடத்தில் இருப்பவருக்கோ ஒவ்வொரு குண்டுக்கும் கன்னத்தில் அறை. பக்கத்துத் தடத்தில் இருந்தவர் தம்பி.

அன்று நான் இருவருக்கும் நடுவே நின்றேன். அண்ணன் சுட்டார். என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். வழக்கம்போல வலது கிண்ணத்தைத் தூக்கினேன். "மாஷா அல்லாஹ்" என்றார். என்றவர் அதே மூச்சில் இன்னும் மூன்று சுட்டுவிட்டார். அதற்குப் பிறகு அவர் உதடு மட்டும் அசைந்தது. காதுக்குள் குக்கர் விசில் ஒன்று தொடங்கியது. வீட்டுக்கு வந்தும் நிற்கவில்லை, மறுநாள் மதியம்தான் அடங்கியது. அன்று மாலை மகள் ஆயிஷா என் வலப்பக்கம் நின்று மூன்று முறை கூப்பிட்டாளாம். நான் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, உம்மாவிடம் போய்த் தான் என்ன தப்பு செய்தோம் என்று கேட்டிருக்கிறாள்.

விசிலோடு கவுண்டருக்குத் திரும்பினேன். பின்னாலேயே தம்பி வந்தார். அண்ணன் மேல் புகார் சொல்லப் போகிறார், சத்தத்தை முன்பக்கமாகத் தள்ளும் சாதுவான பிரேக்கை அண்ணனுக்கு மாற்றிக் கொடுக்கலாம் என்று நினைத்து ஒன்றை எடுத்தும் வைத்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. இடது காதைக் காட்டினேன், அதில் சொன்னார்.

"ஹபீபி, அவனுக்கு வித்ததைவிட மோசமா ஒண்ணு எனக்குக் காட்டு. என் தோளைப் பத்தி நீ கவலைப்படாதே."

கண்ணை மூடியவன்

அதற்கடுத்த திங்கட்கிழமை காது சோதிக்கும் வேன் வந்தது. உள்ளே ஒரு சின்ன அறை, ஒரு நாற்காலி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேரளத்து நர்ஸ். தலையில் ஹெட்ஃபோன் மாட்டிவிடுவார்கள், கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும், அவ்வளவுதான். உள்ளே குளிராக, அமைதியாக இருந்தது. காலை முதல் நின்றிருந்த களைப்பில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். இடது காதில் கேட்டபோதெல்லாம் அழுத்தினேன். வலது பக்கத்துக்கு மாறியதும் ஓரிரண்டு முறை அழுத்தினேன். பிறகு வெகுநேரம் எதுவும் கேட்கவில்லை. சோதனை முடிந்துவிட்டது என்று நினைத்துக் கண்ணைத் திறந்தேன். நர்ஸ் இன்னும் எதையோ அழுத்திக்கொண்டிருந்தார்.

அவர் நல்ல பெண். காகிதத்தை உடனே நிரப்பவில்லை. "டூட்டியிலிருந்து நேரா வந்தீங்களா சேட்டா? ரெண்டு நாள் சத்தத்துல நிக்காம ரெஸ்ட் எடுங்க. வியாழக்கிழமை மறுபடி பார்க்கலாம். அதுதான் கடைசி," என்றார். இரண்டு நாள் ஓய்வில் சரியாகும் காது இல்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

முருகேசனிடம் சொன்னேன். அவன் காதும் அப்படி ஒன்றும் தங்கம் இல்லை. மைதானத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எதிர்த் திசையில் திரும்பிப் பார்ப்பான். அவன் மட்டும் எப்படி வருடா வருடம் தேறுகிறான் என்று எனக்கு வெகுநாள் சந்தேகம். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, பரீட்சையில் கோட்டைவிட்ட தம்பியைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தான்.

"உங்கள யாரு பாய் கண்ண மூடச் சொன்னது? சத்தம் விட பட்டன அமுக்குறப்பல்லாம் அந்தம்மா தோளு லேசா ஏறி எறங்கும். நான் நாலு வருசமா அந்தத் தோளப் பாத்துத்தான் பாஸு."

இன்னொரு காது

புதன்கிழமை மாலை வீட்டில் இதைச் சொன்னேன். மனைவி ரஹீமா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஆயிஷா சாப்பாட்டு மேசையில், எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்து, பள்ளிக்கு ஏதோ ஒரு சார்ட் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்ப நாளைக்குத் தோளப் பாக்கப் போறீங்க," என்றாள் ரஹீமா.

"பாத்தா பாஸ். பாஸானா இந்த வீடு, இந்த ஸ்கூல், எல்லாம் இப்படியே இருக்கும்."

"காது?"

"இன்னொண்ணு இருக்குல்ல."

அவள் சிரிக்கவில்லை. கத்தியை வைத்துவிட்டு, "நீங்க மூணு வருசமா எங்களுக்காகத்தான் நிக்கிறீங்க. அது எனக்குத் தெரியும். ஆனா அவகிட்ட யாரும் கேக்கலை. பதினொரு வயசாகுது, கேளுங்க," என்றாள்.

கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. ஆயிஷா பசை பாட்டிலை மூடினாள்.

"வாப்பா, பாஸானா திரும்ப அதே இடத்துலதான் நிப்பீங்களா? கன்னுக்குப் பக்கத்துல?"

"ஆமாம்மா."

"ஹௌ மெனி இயர்ஸ்?"

"நீ பன்னிரண்டாவது முடிக்கிற வரைக்கும்."

அவள் விரல் விட்டு எண்ணினாள். ஆறு விரல் ஆனது.

"ஃபெயிலானா?"

"வாப்பா அல் கூஸ் ரூம்ல இருப்பேன். நீயும் உம்மாவும் பரீட்சை முடிஞ்சதும் ஊருக்கு, கீழக்கரைக்குப் போயிருவீங்க. லீவுக்கு நான் வருவேன்."

"அங்க எனக்கு ஒரு ஃப்ரெண்டுகூட இல்ல," என்றாள். அது நன்றாகக் கேட்டது. தலையைக் குனிந்துகொண்டு அதன் பிறகு என்னவோ சொன்னாள், அது கேட்கவில்லை. என்னவென்று கேட்டேன். மறுபடி சொன்னாள். உதடு அசைந்தது, ஃபேன் சத்தம் மட்டும் வந்தது. ரஹீமாவைப் பார்த்தேன். அவளுக்குக் கேட்டிருந்தது, ஆனால் அவள் எனக்குச் சொல்லவில்லை, பீன்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆயிஷா எழுந்து, மேசையைச் சுற்றிக்கொண்டு என் இடப்பக்கம் வந்து நின்றாள்.

பன்னிரண்டு வருடம் அடுத்தவர் தோள் வலிக்காமல் இருக்க எது தோது என்று பொறுக்கிப் பொறுக்கிக் கொடுத்த நான், என் காதுக்கு எது தோது என்ற எளிய கேள்வியை ஆறாம் வகுப்புக்குத் தள்ளிவிட்டிருந்தேன். ஆயிஷா என் இடது காதில், தான் ஊருக்கே போவதாகச் சொன்னாள். நாளை வேனில் நான் கண்ணை மூடிக்கொண்டே உட்காரலாம்.